பக்கவாதத்துக்குப் பிறகு நடை: வீட்டில் செய்யும் தவறுகள்

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவரைக் கட்டிலிலிருந்து எழுப்ப, மகனோ மருமகளோ முதலில் செய்வது அவருடைய வராத கையைப் பிடித்துத் தூக்குவது. பிசியோதெரபிக்காகப் பெங்களூருவில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத் தமிழ் வீடுகளுக்குப் போகும்போது நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். தோள் மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்து கிடக்கும் நேரம் அது. இழுக்க இழுக்க மூட்டு இறங்கும், வலி வரும், அப்புறம் பயிற்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிடிப்பதானால் இடுப்பைப் பிடியுங்கள். அகலமான பெல்ட் ஒன்றை அவர் இடுப்பில் கட்டி, பாதித்த பக்கத்தில் அரை அடி பின்னால் நின்று அதைப் பிடித்துக்கொண்டால் போதும். வேட்டியையோ நைட்டியையோ பிடித்துக்கொள்வது பிடியே இல்லை.

அடுத்தது அவசரம். "இன்னைக்கு ஹால் முழுக்க நடந்துட்டார்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, நல்ல கால் நடக்கிறது, மற்றது இழுபடுகிறது. எத்தனை அடி நடந்தார் என்பதைவிட, பாதித்த கால்மேல் எடை ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. இதை நாற்காலியிலேயே கண்டுபிடிக்கலாம். எழும்போது நல்ல பாதத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மற்றதை முன்னால் விட்டுவிட்டு, ஒற்றைக் காலிலேயே எழுந்துவிடுவார். இரண்டு பாதங்களையும் சமமாக, அல்லது பாதித்த பாதத்தைச் சற்றே பின்னால் வைத்து, உடம்பை நன்றாக முன்னே சாய்த்து எழச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், நழுவும். சுவரோடு ஒட்டிப் போட்ட கனமான மர நாற்காலிதான் சரி. ஹாலைச் சுற்றி வருவதைவிட இதைத் திரும்பத் திரும்பச் செய்வது ஆரம்பத்தில் அதிகம் கைகொடுக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சிலர் பாதித்த பக்கமாகவே சாய்ந்துகொண்டு, நல்ல கையால் வேறு தள்ளுவார்கள். நிமிர்த்தினால் எதிர்த்துத் தள்ளுவார்கள். இது பிடிவாதம் இல்லை. எது நேர் என்று உடம்பு உணர்வதே மாறிப்போயிருக்கிறது. நாம் நிமிர்த்தினால் விழப்போவதாகத்தான் அவருக்குத் தோன்றும். மல்லுக்கட்டாதீர்கள். கண் ஏமாறுவதில்லை என்பதால், எதிரே உள்ள கதவு நிலையைக் காட்டி, "அதுக்கு நேரா நில்லுங்க" என்று அவரையே சரிசெய்ய விடுங்கள். நல்ல பக்கம் சுவரை ஒட்டி நிற்க வைத்து, அந்தப் பக்கம் இருக்கும் பொருளை எட்டி எடுக்கச் சொல்வதும் உதவும். இவர்கள் கையில் சீக்கிரமே ஊன்றுகோலைக் கொடுத்தால், அதை ஊன்றி இன்னும் பலமாகத் தள்ளுவார்கள்.

மற்றவர்களுக்கு ஊன்றுகோல் நல்ல கையில். முதலில் கோல், பிறகு பாதித்த கால், கடைசியில் நல்ல கால். செருப்பு போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால் கோலின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். தாத்தா வைத்திருந்த கோல் யாருக்கும் பொருந்தாது.

இருபதுக்கு முப்பது மனையில் கட்டிய மாடி வீடுகளில் பெரிய தலைவலி படிக்கட்டு. குறுகலாக, செங்குத்தாக, ஒரே பக்கம் கைப்பிடியோடு இருக்கும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதித்த கால் முதலில். துணைக்கு வருபவர் எப்போதும் அவருக்குக் கீழ்ப்படியில். ஆனால் ஏறும்போது நல்ல கைக்குக் கிடைத்த கைப்பிடி, இறங்கும்போது வராத கைப்பக்கம் போய்விடுமே! எதிர்ச் சுவரில் கைப்பிடியாக இன்னொரு குழாய் அடித்துவிடுவதே நல்லது. வாடகை வீட்டில் ஓனர் விடமாட்டார் என்றால், பின்னோக்கி இறங்கப் பழக்கலாம். பிசியோ கூட நின்று பழக்கிய பிறகு மட்டும்.

ஹவாய் செருப்பு, டைல்ஸ் தரையில் வெறும் சாக்ஸ், எண்ணெய் தேய்த்த பாதம் மூன்றும் வழுக்கும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால் தேய்க்கவே கூடாது; ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

மெஷின் இருந்தால்தான் நடை வரும் என்று நகையை அடகு வைக்கவும் வேண்டாம். 408 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் ஒரு பகுதியைப் பட்டையால் தாங்கி டிரெட்மில்லில் நடக்க வைத்தவர்களும், பிசியோ மேற்பார்வையில் வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறியிருந்தார்கள். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் மறுவாழ்வுக்கெனத் தனித் துறையே இருக்கிறது. முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்காக அதோடு நிறுத்திவிடுவதும் தவறு. அதன் பிறகும் பயிற்சிக்குப் பலன் உண்டு.

வீட்டுக்குள் நடந்துவிட்டார் என்று நேரே மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். 10 மீட்டர் அளந்து நடக்கச் சொல்லி நேரம் பாருங்கள். 25 வினாடிக்கு மேல் ஆனால் வீட்டுக்குள் நடமாடும் அளவுதான். 12 வினாடிக்குள் முடித்தால் வெளியே போகும் வேகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெங்களூரு நடைபாதையில் கல் பெயர்ந்திருக்கும், மர வேர் கிளம்பியிருக்கும், போதாததற்கு பைக்கும் ஏறிவரும். அதனால் முதலில் கூட்டமில்லாத பார்க்கில் பழகட்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். பதில் சொல்ல நிற்கிறவர், கவனம் முழுவதையும் நடையிலேயே செலவழிக்கிறார் என்று அர்த்தம். இடப்பக்கக் கவனம் குறைந்தவராக இருந்தால் அந்தப் பக்கம் வரும் ஸ்கூட்டர் அவர் கண்ணில் படாது. பிசியோ சரி என்று சொல்லும்வரை சாலையைத் தனியாகக் கடக்க விடாதீர்கள்.