சின்னக் குழந்தைகளும் கொரோனாவும்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல வீடுகளில் பகல் நேரத்தில் பேரப்பிள்ளை ஆயா, தாத்தா கையில்தான். அதனால் குழந்தை எந்த நோயை எவ்வளவு பரப்பும் என்று நாம் சரியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

“குழந்தைக்குக் கொரோனா லேசாகத்தான் வரும், அதனால் அது யாருக்கும் பரப்பாது” என்று நம்புவதுதான் பெரிய தவறு. லேசாக வரும் என்பது பெரும்பாலும் உண்மை. பரப்பாது என்பது 2020-இல் கிளம்பிய பேச்சு. அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதியே இங்கே பள்ளிகளை மூடிவிட்டார்கள். வெளியே போய்வந்ததும் பரிசோதனை செய்துகொண்டதும் பெரியவர்களே. கணக்கில் குழந்தைகள் எப்படி வருவார்கள்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2020-இல் தொற்றிய பிள்ளைகளின் வீடுகளைப் பிறகு ஆராய்ந்தார்கள். தொற்றை வீட்டுக்கு அதிகம் கொண்டுவந்தவர்கள் பதின்வயதுப் பிள்ளைகள். ஆனால் வந்த தொற்றை வீட்டாருக்குக் கொடுக்கும் வாய்ப்பு, அவர்களைவிட மூன்று வயது வரையுள்ள குழந்தைகளிடம் கூடுதலாக இருந்தது. யோசித்தால் புரியும். பதினாறு வயதுப் பையனைத் தனி அறையில் இருக்கச் சொல்லலாம். இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி, மூக்கைத் துடைத்து, சோறூட்டித்தானே ஆக வேண்டும்?

காய்ச்சல் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருப்பதும் தவறு. நம் நாட்டின் கிளெர்க்ஸ்டார்ப், அகின்கோர்ட் ஆகிய இடங்களில் 2020-21-இல் 222 குடும்பங்களை வாரம் இருமுறை பரிசோதித்தபோது, 100 தொற்றில் சுமார் 15-இல்தான் அறிகுறி தெரிந்தது.

அப்புறம், எல்லா நோயையும் ஒரே தராசில் நிறுப்பது. ஃப்ளூவைப் பரப்புவதில் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைவு, வைரஸை அதிக நாள் வெளியேற்றுவார்கள். தட்டம்மை இன்னும் வேகமானது. தடுப்பூசி இல்லாத இடத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும். கொரோனாவோ எல்லா வயதினர் வழியாகவும் வரும். குழந்தையை மட்டும் ஆயாவிடமிருந்து விலக்கிவிட்டு, வேலையிலிருந்து இருமிக்கொண்டு வரும் மாமாவை அவர் பக்கத்தில் உட்காரவைத்தால் என்ன பயன்?

டிசம்பரில் குளிர்காலம் வரும் வடக்கு நாடுகளின் கட்டுரையைப் படித்து, இங்கேயும் டிசம்பரில் பயப்படுவது வேண்டாம். இங்கே கைக்குழந்தைகளின் நெஞ்சைத் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸ் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்கிவிடும். ஈஸ்டரில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் கூடும் நாட்களை ஒட்டி ஃப்ளூ கிளம்பி, ஆடிக் கஞ்சி ஊற்றும் குளிர்காலத்திலும் இருக்கும். 65 வயது தாண்டியவர்கள் ஃப்ளூ ஊசியை அது கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கொரோனாவுக்கு அப்படி நிலையான பருவம் இல்லை.

பிள்ளைக்குச் சளி என்றால், தூக்குபவர் மாஸ்க் போடட்டும். குளிராக இருந்தாலும் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். முடிந்தால் அந்த சில நாட்கள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கைக்குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ, அது எந்த வைரஸ் என்று யோசிக்காமல் உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.