வார்த்தைக் கணக்கில் ‘எக்ஸ் என்க’ படுத்தும் பாடு

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குக் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். 200 கேள்விகளில் திறனறிவுப் பகுதிக்கு 25தான், கேள்விக்கு 1.5 மதிப்பெண். கட் ஆஃப் விளிம்பில் நிற்பவர்களுக்கு அதில் ஒன்று போனாலும் வலிக்கும். புது பேட்ச் வந்ததும் வார்த்தைக் கணக்கு ஒன்றை போர்டில் எழுதுவேன். நான் படித்த காலத்தில் எங்கள் பெஞ்சில் நடந்த அதே கூத்து அப்படியே நடக்கும். கூட்டல் பிழை, எண்ணை மாற்றி எழுதுவது போன்றவற்றை அவரவரே திருத்திக்கொள்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

எக்ஸ் என்க. சரி, எது எக்ஸ்?

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கணக்கு இது: தந்தையின் வயது மகன் வயதைப்போல் 3 மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து 2 மடங்காக இருக்கும். 5 ஆண்டுகளுக்கு முன் தந்தையின் வயது என்ன?

நான் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் பாதி நோட்டுகளில் ‘எக்ஸ் என்க’ விழுந்திருக்கும். மகன் வயதா, தந்தை வயதா? இன்றையதா, 12 ஆண்டு கழித்தா? கேட்டால், “அதான் சார், எக்ஸ்!” பிள்ளையார் சுழி மாதிரி அதைப் போட்டுவிட்டுத்தான் கை நகர்கிறது.

ஒருவர் 3 எக்ஸ் + 12 = 2 எக்ஸ் + 12 என்று எழுதினார். மகனுக்கு வயது பூஜ்ஜியம் வந்தது. உடனே எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். விட்டுப்போனது ஒரு அடைப்புக்குறி மட்டும்தான்: 2 மடங்கு என்பது 12 கூடிய மகன் வயதுக்கு. எது யாருடைய வயது, எப்போதைய வயது என்று பக்கத்தில் எழுதியிருந்தால் அது அங்கேயே கண்ணில் பட்டிருக்கும்.

இன்னொருவர் சமன்பாட்டைச் சரியாகவே போட்டு, எக்ஸ் = 12 என்று கண்டுபிடித்தார். ஆப்ஷனில் 12 இருந்தது, ஷேட் பண்ணிவிட்டார். கேட்டது அதுவா? கேள்வி தயாரிப்பவருக்கு நம் அவசரம் நன்றாகத் தெரியும். வழியில் வரும் 12, 36 இரண்டையும் ஆப்ஷனில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

அதனால் என் வகுப்பில் எக்ஸுக்குத் தடை. மகனுக்கு ‘ம’. ஒரு கட்டம் போடச் சொல்வேன்: மகனுக்கு ஒரு வரிசை, தந்தைக்கு ஒரு வரிசை; 5 ஆண்டு முன், இன்று, 12 ஆண்டு பின் என்று மேலே தலைப்புகள். மகன் வரிசையில் ம − 5, ம, ம + 12. தந்தை வரிசையில் 3ம − 5, 3ம, 3ம + 12. கேட்டது எந்தக் கட்டமோ அதற்கு முதலிலேயே வட்டம். இங்கே 3ம − 5. அப்புறம்தான் சமன்பாடு: 3ம + 12 = 2(ம + 12). ம = 12, வட்டத்துக்குள் 31. “இதுக்கு டைம் ஆகுமே சார்” என்பவர்கள் அடித்து அடித்து எழுதிய பக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

அலகு

ரயிலின் நீளம் மீட்டரில், வேகம் மணிக்கு இத்தனை கி.மீ. என்றால், வேகத்தை முதலில் 5/18-ஆல் பெருக்கி நொடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

சதவீதம், எதன் மேல்?

ரவியின் சம்பளம் குமாரைவிட 25% அதிகம். குமாருக்கு ரவியைவிட எத்தனை சதவீதம் குறைவு? 25 என்று வகுப்பே சேர்ந்து கத்தும். குமாருக்கு 100, ரவிக்கு 125 என்று எழுதினால் போதும். வித்தியாசம் 25, இப்போது அடிப்படை 125. விடை 20%.

நம்பும்படியான விடைதானா?

ஒருவர் 12 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவர் 6 நாளில் முடிப்பார். சேர்ந்து செய்தால் 9 நாளாம்! அந்த இரண்டாவது ஆள் தனியாகவே 6 நாளில் முடித்துவிடுவாரே. (விடை 4.)

சொந்தச் சமன்பாட்டிலேயே சரிபார்ப்பது

புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். கணிதவியலாளர் ஜார்ஜ் போலியா 1945-இல் சொன்ன நான்கு படிகள் இவை. நான்காவதை யாரும் சீண்டுவதில்லை. சீண்டுகிறவர்களும் விடையைத் தாங்கள் எழுதிய சமன்பாட்டிலேயே போட்டுப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். அடைப்புக்குறி இல்லாத அந்தச் சமன்பாட்டில் பூஜ்ஜியத்தைப் போட்டுப் பாருங்கள்: 12 = 12, அழகாகப் பொருந்தும்! விடையைக் கேள்வியின் வாக்கியத்தில் போட வேண்டும். 12 ஆண்டு கழித்து மகனுக்கும் 12 வயது, அப்பாவுக்கும் 12 வயது என்று வந்து நிற்கும்போது தப்பு தானாகத் தெரிந்துவிடும்.