விசைப்படகு எஞ்சினில் டீசல் அழுத்தம் குறைகிறதா? பம்பைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து நாகப்பட்டினத்திலிருந்து அண்ணனின் படகு முதல் டிரிப் கிளம்பியது. ஒன்றரை மணி நேரம் ஓடியதும் எஞ்சின் திணறியது. ஆக்சிலரேட்டரைக் கூட்டினாலும் ஆர்பிஎம் ஏறவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடி, கடைசியில் நின்றே போனது. சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடியது, ஆனால் இன்னொரு ஒன்றரை மணி நேரத்துக்குத்தான். இரண்டு டிரிப் வீண். ஐஸ் போனது, டீசல் போனது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பைப் புதிதாக வாங்கிப் போட்டோம், அதுவும் பலிக்கவில்லை. அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு இரண்டு கேஜ் வாங்கியிருந்தால் முதல் டிரிப்பிலேயே காரணம் தெரிந்திருக்கும். இன்னொருவருக்கு அந்த நஷ்டம் வரக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் சொல்வது மைக்கோ வகை இன்லைன் பம்பு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர் வரிசையாக இருக்கும் இன்ஜெக்‌ஷன் பம்பு) உள்ள ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு. ஃபில்டர் மாற்றவும், ஏர் எடுக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் புகையைப் பாருங்கள். லோடு ஏற்றும்போது கறுப்புப் புகை தள்ளினால் டீசல் குறையவில்லை. காற்று போதவில்லை, அல்லது சுமை அதிகம். ஏர் ஃபில்டரையும், புரொப்பெல்லரில் வலை சுற்றியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். புகை அதிகமில்லாமல் சக்தி மட்டும் குறைந்தால் மேலே படியுங்கள்.

என்னென்ன வேண்டும்

0 முதல் 4 பார் வரை காட்டும் பிரஷர் கேஜ் ஒன்று, வேக்குவம் கேஜ் ஒன்று, டி-பீஸ் (T வடிவ இணைப்பு) இரண்டு, டீசல் தாங்கும், உள்ளே தெரியும் கண்ணாடி ஹோஸ் ஒரு மீட்டர், 20 லிட்டர் கேன். கேஜ் இரண்டும் கிளிசரின் நிரப்பியதாக இருக்கட்டும். விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் சாதா கேஜின் முள் எஞ்சின் அதிர்வில் ஆடிக்கொண்டே இருக்கும், எதையும் படிக்க முடியாது. டீசல் இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். துணுக்கு பிய்ந்து உள்ளே போனால் பம்பு கெடும். பாஞ்சோ போல்ட்டுக்கு (டீசல் போக நடுவில் துளை உள்ள போல்ட்) புது செம்பு வாசர் போதும்.

கைலியோடு எஞ்சின் ரூமுக்குள் இறங்காதீர்கள். பெல்ட்டும் ஷாஃப்ட்டும் ஒரு நொடியில் இழுத்துவிடும். நாசிலுக்குப் போகும் குழாய்களில் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. அங்கே அழுத்தம் 150 பாருக்கு மேல், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

படி 1: அழுத்தம் உண்மையிலேயே குறைகிறதா?

ஃபீட் பம்புக்குப் பின்னால் உள்ள இரண்டாவது ஃபில்டரின் ஏர் ஸ்குரூ இருக்கும் இடத்தில் பிரஷர் கேஜைப் பொருத்துங்கள். இந்த வகைப் பம்புகளில் பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். சரியான எண்ணை உங்கள் எஞ்சின் புத்தகத்தில் பாருங்கள். ஃபில்டருக்கு முன்னால் அழுத்தம் நன்றாக இருந்து, பின்னால் மட்டும் குறைந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. மாற்றுங்கள், வேலை முடிந்தது. புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை நேராக ஊற்றாதீர்கள். வடிகட்டாத டீசல் அப்படியே இன்ஜெக்‌ஷன் பம்புக்குப் போய்விடும். நேரமானாலும் ஹேண்ட் பிரைமரால் நிரப்புங்கள்.

இரண்டு பக்கமும் குறைவாக இருந்தால் அடுத்த படி.

படி 2: உறிஞ்சும் பக்கம்

எங்களுக்கு நஷ்டம் வந்தது இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான்.

ஃபீட் பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில் டி-பீஸ் போட்டு வேக்குவம் கேஜைப் பொருத்துங்கள். பம்பு எவ்வளவு சிரமப்பட்டு இழுக்கிறது என்பதை அது காட்டும். டேங்கில் டீசல் மட்டம் பம்பைவிட ஒரு மீட்டர் கீழே இருந்தால், அந்த உயரத்துக்கு மட்டும் சுமார் இரண்டரை அங்குலம் (பாதரச அங்குலக் கணக்கு) காட்டும். சுத்தமான ஃபில்டரோடு மூன்று நான்கு அங்குலம் என்றால் கவலையில்லை. பத்தைத் தொட்டால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஏதோ மறிக்கிறது: தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், பம்பு வாயிலில் உள்ள வலை, டேங்குக்குள் இருக்கும் குழாயின் நுனி, அல்லது உள் ரப்பர் உரிந்து மடங்கிய பழைய ஹோஸ். கடைசியாகச் சொன்னது வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

பம்பு மாற்றியும் பலிக்காத பிறகு நாங்களும் கரையில் கேஜ் போட்டுப் பார்த்தோம். 3 அங்குலம். எல்லாம் சரி என்று நினைத்தோம். அங்கேதான் தவறினோம்.

டிரைவர் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தைதான் வழிகாட்டியது. "தம்பி, டீசல் எவ்வளவு இருக்குன்னு மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பாத்தேன். அதுக்கப்புறம் ஓடுது." எஞ்சின் நின்றபோதெல்லாம் அவர் முதலில் செய்தது அதைத்தான்.

மறுநாள் கேஜைக் கழற்றாமல் கடலுக்குப் போனோம். கிளம்பும்போது 3. ஒரு மணி நேரத்தில் 7. எஞ்சின் திணறத் தொடங்கியபோது 10. பிரஷர் கேஜ் 1.2 பாரிலிருந்து 0.4க்கு இறங்கியிருந்தது. டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னேன். உஸ் என்று காற்று உள்ளே இழுத்தது, டேங்கின் பக்கத் தகடு டம் என்று வெளியே வந்தது, முள் 3க்கு விழுந்தது. எஞ்சின் குரலே மாறியது.

தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாளில், படகுக்குப் பெயின்ட் அடித்தோம். டெக்கில் வளைந்து நிற்கும் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் உள்ள சல்லடை பெயின்ட்டில் மூடிவிட்டது. அதே சமயம் டேங்க் மூடிக்குப் புது ரப்பரும் போட்டிருந்தோம். பழைய ரப்பர் இருந்தவரை மூடி வழியாகக் காற்று போயிருக்கும். புது ரப்பர் அந்த வழியையும் அடைத்துவிட்டது. டீசல் போகப் போக டேங்குக்குள் வெற்றிடம் கூடி, பம்பால் இழுக்க முடியாமல் போனது.

கரையில் ஏன் தெரியவில்லை என்றால், ஐட்லிங்கில் டீசல் செலவு மிகக் குறைவு. பம்பு தள்ளுவதில் பெரும்பகுதி ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே திரும்பிவிடும். லோடில் ஓடினால்தான் டேங்க் வேகமாகக் காலியாகும். அதனால் கோளாறு எந்த நிலையில் வருகிறதோ அதே நிலையில், மூடியைத் தொடாமல் அளந்து பாருங்கள். எண்ணைக் குறித்த பிறகு மூடியைத் திறங்கள்.

படி 3: காற்று நுழைகிறதா?

பம்புக்கு முன்னால் கண்ணாடி ஹோஸைச் சொருகிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சக்‌ஷன் பக்கத்தில் சின்ன ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். காய்ந்து கிடக்கும் இணைப்பை நம்பிவிடாதீர்கள். குமிழி வந்தால் கேனில் சுத்தமான டீசல் வைத்து, ஹோஸை நேராக அதில் விட்டு ஓட்டுங்கள். குமிழி நின்றால் கோளாறு டேங்க் பக்கம். நிற்காவிட்டால் அந்த ஹோஸிலேயே எங்கோ காற்று நுழைகிறது.

படி 4: அதன் பிறகே பம்பு

வேக்குவம் சரி, குமிழி இல்லை, அழுத்தம் மட்டும் குறைவு என்றால் ரிட்டர்ன் ஹோஸைச் சில நொடி மட்டும் அமுக்கிப் பிடியுங்கள். அழுத்தம் துள்ளி ஏறினால், மிகுதி டீசலை ரிட்டர்னுக்கு விடும் ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சின்னப் பாகம்தான். ஏறவில்லை என்றால் ஃபீட் பம்பைக் கழற்றி வால்வுகளில் தூசி இருக்கிறதா, பிளஞ்சர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு சேர்த்தது

ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒருவர், தன் சின்ன எஞ்சினில் பம்பின் கைநெம்பை அழுத்தினால் பிடிப்பே இல்லை, பம்பு போய்விட்டதா என்று கேட்டிருந்தார். டயாஃப்ரம் பம்பில், அதைத் தள்ளும் எஞ்சினின் கேம் மேலே தூக்கி நின்றால் அப்படித்தான் இருக்கும். எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அழுத்துங்கள். இந்தப் பம்புகளின் அழுத்தம் ஒரு பாருக்கும் கீழே. மேலே சொன்ன எண்ணை அதற்குப் போடாதீர்கள்.

காமன் ரெயில் எஞ்சின் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) பற்றியும் கேட்டார்கள். ஃபீட் பக்கத்து அழுத்தம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், ஆனால் சக்‌ஷன் சோதனை அதே முறைதான். ரெயில் குழாயை மட்டும் ஓடும்போது தளர்த்தவே கூடாது. அதில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும்.

காற்றுக்குழாயில் குளவி கூடு கட்டியிருந்ததாக இன்னொருவர் எழுதியிருக்கிறார். நாங்கள் இப்போது பெயின்ட் அடிக்கும் முன் அந்த வாயைத் துணியால் கட்டிவிடுகிறோம். துணியின் நுனியில் சிவப்பு நாடா ஒன்றும் தொங்கவிடுகிறோம், அவிழ்க்க மறக்காமல் இருக்க.