கெட்ட நாளுக்கு எடுத்து வைப்பது: ஒரு குடியாத்தத்து வீட்டின் கணக்கு

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது எங்கள் வீட்டில் யாருக்கும் அது பெரிய செய்தியாகத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிறார். முதலில் ஓவர்டைம் நின்றது, அப்புறம் வாரத்தில் நாலு நாள்தான் வேலை என்றார்கள், அப்போதுதான் உறைத்தது. அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து, வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதினோம். இதைப் படிப்பவர்களும் முதலில் அதைச் செய்யுங்கள், தங்கம் ஏறுமா இறங்குமா என்கிற பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். நாளைக் காலையில் வேண்டும் என்றால் எத்தனை நாளில் கைக்கு வரும், வரும்போது எவ்வளவு குறைந்து வரும், கொடுக்க மாட்டேன் என்றால் யார் வாசலில் போய் நிற்பது. எவ்வளவு வட்டி வரும் என்பதற்கு வேண்டுமானால் நாலாவது கட்டம் போட்டுக்கொள்ளலாம். நாங்கள் இத்தனை வருஷமாக அந்த நாலாவதை மட்டும்தான் பார்த்திருக்கிறோம், அதில்தான் சறுக்கினோம்.

எங்கள் பட்டியலில் 11 பவுன் நகை இருந்தது, அதில் 6 பவுன் அடகுக் கடையில். தபால் ஆபீஸில் ஓர் ஆர்.டி. ஓடிக்கொண்டிருந்தது. அடகுக்கு நூற்றுக்கு 2 வட்டி, கேட்க சின்னதாக இருக்கும், வருஷத்துக்குப் பார்த்தால் 24 சதவீதம். ஆர்.டி. கொடுப்பது 6.7. ஒரு கையில் 24 கொடுத்துக்கொண்டு இன்னொரு கையில் 6.7 வாங்கி, அதற்குச் சேமிப்பு என்று பெயரும் வைத்து மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறோம்! ஆர்.டி. மூன்று வருஷம் தாண்டியிருந்ததால் முன்கூட்டியே மூட முடிந்தது, சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைத்தது, பரவாயில்லை என்று நகையில் பாதியை மீட்டோம். மீதியை வங்கி நகைக் கடனுக்கு மாற்றினோம். வட்டிக்கடன் இருக்கிற வீட்டில் அதை அடைப்பதுதான் முதல் முதலீடு. அஞ்சு வட்டி, பத்து வட்டி, தினமும் வந்து வசூலிக்கிற தண்டல் என்று ஏதாவது இருந்தால், மற்றதைத் தொடுவதற்கு முன்னால் அதை முடியுங்கள்.

அடுத்தது கைப்பணம். குறைந்தது மூன்று மாதச் செலவு, அதாவது வாடகை, அரிசி, பள்ளிக்கூட ஃபீஸ், மருந்து, வங்கிச் சேமிப்புக் கணக்கிலும் சின்னச் சின்ன எஃப்.டி.யிலும் இருக்கட்டும். 2 லட்சம் இருந்தால் ஒரே எஃப்.டி.யாகப் போடாதீர்கள், 50 ஆயிரமாக நாலு போடுங்கள், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்ற மூன்றுக்கு வட்டி கெடாது. வீட்டில் ரொக்கமாக ஒரு வாரச் செலவுக்கு மேல் வேண்டாம். எங்கள் பெரியம்மா உளுந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த பதினாலு ஐந்நூறு ரூபாய் நோட்டு 2018 போகிக்குச் சுத்தம் செய்யும்போது வெளியே வந்தது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரியே செத்துப்போன நோட்டு.

வங்கியில் போட்டால் பயமே இல்லையா என்றால், ஓர் எல்லை வரைக்கும் இல்லை. ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் எத்தனை கிளையில் எத்தனை கணக்கு இருந்தாலும் எல்லாம் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரைக்கும் டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரி வரை அது வெறும் 1 லட்சம். அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் இன்னொரு வங்கிக்கோ வீட்டில் இன்னொருவர் பெயருக்கோ பிரித்துவிடலாம். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி இரண்டுக்கும் இந்த இன்சூரன்ஸ் பொருந்தும். ஆனால் ஊரில் உரத்துக்கும் நகைக் கடனுக்கும் போகிறோமே, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், அங்கே போடும் டெபாசிட்டுக்கு இது கிடையாது. கடன் வாங்க அது நல்ல இடம், மொத்தச் சேமிப்பையும் வைக்கிற இடமில்லை.

தபால் ஆபீஸ் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். பணத்துக்குப் பின்னால் மத்திய அரசே நிற்கிறது, மூன்றாவது கட்டத்தில் இதைவிடப் பெரிய பெயர் எழுத முடியாது. வட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசு பார்த்து அறிவிக்கும். 60 வயது தாண்டியவர்களுக்கு மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வரும். பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டம், வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதி 15 வருஷம், கடனுக்காகக் கோர்ட் மூலமாகக்கூட அதை ஜப்தி செய்ய முடியாது என்பதால் சொந்தத் தொழில் செய்கிறவர்கள் அவசியம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செல்வமகளும் பி.பி.எஃப்.பும் முதல் கட்டத்தில் தோற்றுவிடும். ராத்திரி 11 மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டு என்றால் இரண்டும் உதவாது.

ராத்திரிக்கு இல்லாவிட்டாலும் விடிந்து கடை திறந்ததும் உதவுவது நகை. எனக்கும் நகை பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் நகையும் தங்கமும் வேறு வேறு என்பது விற்கப் போகும்போதுதான் தெரியும். 8 கிராமில் ஒரு செயின் வாங்குகிறீர்கள், சேதாரம் 12 சதவீதம் என்று வையுங்கள். 8.96 கிராமுக்குப் பணம், அதன்மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம். ஆக 9.23 கிராமின் விலையைக் கொடுத்து 8 கிராமை எடுத்து வருகிறீர்கள். தங்கம் விலை 15 சதவீதம் ஏறினால்தான் கொடுத்த காசே திரும்பும். கழுத்தில் போட்டு அழகு பார்க்க அந்தச் சேதாரம் சரிதான், சேமிப்பு என்று சொல்லிக்கொண்டு வாங்கினால் முதல் நாளே நஷ்டத்தில் ஆரம்பிக்கிறீர்கள்.

போன வருஷம் மாமியாரின் பழைய ஜிமிக்கியை வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப்போனோம். வீட்டில் எல்லாரும் ஒன்றேகால் பவுன் என்றே சொல்லிக்கொண்டிருந்த ஜோடி. கடைக்காரர் தராசில் வைத்தார், 9.4 கிராம். அப்புறம் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, சின்ன குறடால் குடையின் அடிப்பக்கத்தைத் திறந்தார், உள்ளே கருஞ்சிவப்பாக அரக்கு. சிவப்புக் கல் ஒவ்வொன்றாகத் தட்டில் உதிர்ந்தது. அரக்கும் கல்லும் போக நின்றது 7.5 கிராம், அதிலும் தரம் 22 கேரட்டுக்குக் கீழே. அத்தை ஒன்றும் பேசவில்லை, கல்லை மட்டும் ஒரு காகிதத்தில் மடித்துக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதனால், சேமிக்க வாங்குவதானால் கல் இல்லாத, சேதாரம் குறைந்த வளையல் அல்லது காசு வாங்குங்கள். 916 முத்திரையோடு ஆறு இலக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் கடைகளில் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் என்ன பொருள், என்ன தரம் என்று காட்டும். வங்கியில் தங்கக் காசு வாங்கினால் வங்கி அதைத் திரும்ப வாங்காது. தங்கப் பத்திரம் நல்ல வழியாக இருந்தது, 2024 பிப்ரவரிக்குப் பிறகு அரசு புதிதாக வெளியிடவில்லை. செல்போன் ஆப்பில் 10 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் விற்கிற டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்பில் இல்லை என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது, மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிற பொருள் அது. நகைக் கடைச் சீட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். அது ஏன் 11 மாதத்திலேயே முடிகிறது தெரியுமா, கம்பெனி ஒரு வருஷத்துக்கு மேல் முன்பணத்தைக் கையில் வைத்திருந்தால் சட்டத்தில் அது டெபாசிட் ஆகிவிடும். கடை மூடினால் இன்சூரன்ஸ் எதுவும் இல்லை.

தங்கம் ஏறத்தான் செய்யும் என்பவர்கள் 2012 கடைசியில் வாங்கியவர்களைக் கேளுங்கள், 2015 வரைக்கும் அது இறங்கியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள், விலை அன்றைக்கே சரிந்தது.

இப்போது எங்கள் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதிய வரிக்கு வருகிறேன். 2022-இல் நம் பழைய வட ஆற்காட்டில் தெருவுக்கு ஒருவராவது ஏதோ ஒரு கம்பெனியில் பணம் போட்டிருந்தார்கள். நாங்களும் 1 லட்சம் போட்டோம், மாதம் 8 ஆயிரம் தருவதாகப் பேச்சு. நாலு மாதம் சரியாக வந்தது, ஐந்தாவது மாதம் ஆபீஸ் பூட்டியிருந்தது. சேர்த்துவிட்டவர் நாத்தனார் வீட்டுக்காரரின் சிநேகிதர், அவர் பணமும் அதில்தான் போனது, யாரைத் திட்டுவது? மாதம் 8 என்றால் வருஷத்துக்கு 96 சதவீதம். டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனமே அதிகபட்சம் வருஷத்துக்கு 12.5 சதவீதம்தான் தரலாம். இந்த ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், எங்களுக்கு அப்போது தெரியாது. யாராவது பணம் கேட்டு வந்தால் ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் ரசீதோடு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் இருக்கிறது, கம்பெனியின் சொத்தை முடக்கி, விற்று, பிரித்துக் கொடுக்க அதில் வழி உண்டு. மெதுவாகத்தான் நடக்கும். எங்களுக்கு இன்னும் வரவில்லை.

ஏலச் சீட்டை நான் மொத்தமாகக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் அம்மா என் கல்யாணத்தையே சீட்டில்தான் முடித்தார். பதிவு செய்த சீட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பதிவாளரிடம் பணம் கட்டியிருப்பார், கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெருவில் நோட்டுப் போட்டு நடத்துகிற தீபாவளிச் சீட்டு என்றால், பட்டாசும் ஸ்வீட் பாக்ஸும் போனால் போகட்டும் என்று நினைக்கிற அளவுக்கு மட்டும் கட்டுங்கள்.

நிலம். நம் ஊரில் கொஞ்சம் காசு சேர்ந்தால் எல்லாரும் பிளாட் பார்க்கத்தான் போகிறார்கள். 30 வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, மனைப் பிரிவுக்கு டி.டி.சி.பி. அனுமதி இதெல்லாம் எல்லா ஊருக்கும் பொது. பாலாற்றுப் பக்கத்துக்கென்று இன்னொன்று இருக்கிறது, தண்ணீர். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் தோல் பதனிடும் கழிவு நிலத்தடியில் இறங்கியது, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடர்ந்த வழக்கில் மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியது. தீர்ப்பு வந்தும் எத்தனையோ கிணறு தேறவில்லை. ஆகவே பிளாட் பார்க்கப் போகும்போது புரோக்கரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் கேளுங்கள். அவர்கள் போர் தண்ணீர் தருகிறார்களா, கேன் தண்ணீர் தருகிறார்களா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு பாட்டிலில் பிடித்து குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். தண்ணீர் கெட்ட மனை விற்க வேண்டிய நாளில் போகாது, முதல் கட்டத்தில் அதற்கு வருஷக் கணக்கில்தான் எழுத வேண்டும். மாடு தேவலை, செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு ஓட்டிப்போனால் மத்தியானத்துக்குள் பணம், என்ன, அது தீவனம் தின்னும், திடீரென்று செத்தும் போகும்.

இன்சூரன்ஸ் இரண்டு வரி. வங்கியில் வருஷத்துக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் ஆயுள் காப்பீடு, இரண்டும் தலா 2 லட்சம், மே கடைசியில் கணக்கில் அந்தப் பணம் இருக்க வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1.2 லட்சத்துக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துவிடுங்கள்.

கடைசியாகக் காகிதங்கள். 2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் பீரோவின் கீழ்த்தட்டு வரைக்கும் தண்ணீர். பத்திரத்தை தினத்தாளுக்கு நடுவில் வைத்து, இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடாக்கி ஒரு ராத்திரி முழுக்கத் தேய்த்துக் காயவைத்தோம், கையெழுத்து மட்டும் ஊதா நிறத்தில் பரவிவிட்டது. லாக்கரில் வைத்தாலும், திருட்டுக்கும் தீக்கும் வங்கி கொடுப்பது வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரைதான், வெள்ளம் என்றால் அதுவும் கிடையாது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் நாமினி யார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். என் வீட்டுக்காரர் பி.எஃப்.பில் இன்னும் அவருடைய அம்மா பெயரே இருந்தது, கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம்.

அந்த நோட்டு இப்போது அரிசி டிரம்முக்கு மேல் தட்டில், பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. பெரியவளுக்கு இடம் காட்டியிருக்கிறேன். மூன்றாவது கட்டத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டு, தனிப் பக்கத்தில் இருக்கிற கம்பெனிக்கு நேராக ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டாள்.