பழைய ஜீப் கொதிக்கிறதா? ஸ்பேனரை எடுக்கும் முன் படிக்க வேண்டியவை

சித்திரை பிறந்து கத்திரி நெருங்கும்போது கடலூர், புதுச்சேரிப் பட்டறைகளுக்கு வரும் பழைய டீசல் ஜீப்களின் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: ஹீட் முள் சிவப்பைத் தொடுகிறது. அதற்குச் செய்யப்படும் வைத்தியமும் மாறுவதில்லை. தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வை) கழற்றுவார்கள், ரேடியேட்டரை பாயில் பண்ணுவார்கள் (கழற்றி, காஸ்டிக் கரைசலில் கொதிக்க வைப்பார்கள்), அதிலும் அடங்காவிட்டால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைப் பிரிப்பார்கள். வண்டி எந்த நேரத்தில் சூடாகிறது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்து போகும்போது முள் ஏறி, சாலை காலியானதும் இறங்கினால் காற்றோட்டத்தில் குறை. ஃபேன், பெல்ட், ஃபேனைச் சுற்றியுள்ள தகரக் கூண்டு ஆகியவற்றைப் பாருங்கள். நெரிசலில் சும்மா இருந்து, சிதம்பரம் சாலையில் 80 கிலோமீட்டர் வேகம் பிடித்தபின் ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் குறை: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், உள்ளே சப்பிப்போகும் கீழ் ஹோஸ். காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், தண்ணீர் குறைந்திருக்கலாம், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போயிருக்கலாம்.

முள்ளை அப்படியே நம்புவதும் தவறு. பழைய ஜீப்பில் எர்த் வயர் துருப்பிடித்தாலே மீட்டர் பொய் சொல்லும். அதைவிட ஆபத்தானது இன்னொன்று. தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் சென்சாரைச் சுற்றி ஆவிதான் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்கும். ஏறிய முள் திடீரென விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள், வண்டியை நிறுத்துங்கள். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி வைப்பது நல்லது. பளபளப்பான உலோகத்தில் அது உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அளக்க வேண்டும். எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது ரேடியேட்டரின் மேல் வாய்க்கும் கீழ் வாய்க்கும் இடையே ஏறத்தாழ 6 முதல் 10 டிகிரி வித்தியாசம் வந்தால் சரி. வித்தியாசமே இல்லாமல் இரண்டும் கொதித்தால் காற்று வெப்பத்தை எடுக்கவில்லை. மேலே கொதித்து, கீழே வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீர் நகரவில்லை.

தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

“நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு?” என்ற பேச்சு பல எஞ்சின்களைக் கெடுத்திருக்கிறது. அது இல்லாத எஞ்சின் காலையிலும் மழைக்காலத்திலும் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடும். டீசல் முழுதாக எரியாது, ஆயிலில் கசடு சேரும், சிலிண்டர் சுவர் வேகமாகத் தேயும். அடியில் இரண்டாவது தட்டு உள்ள தெர்மோஸ்டாட் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. சூடு ஏறியதும் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவரும் குறுக்குவழியை அடைப்பது அந்தத் தட்டுதான். கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதே சூட்டைக் கூட்டும்.

சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, கூடவே ஒரு வெப்பமானியையும் வைத்துச் சூடாக்குங்கள். அதில் பொறித்திருக்கும் எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்கி (82 டிகிரி என்பது பரவலான எண்), தண்ணீர் கொதிக்குமுன் நன்றாகத் திறந்துவிட வேண்டும். ஆறியதும் முழுதாக மூட வேண்டும். இல்லையென்றால் அதே எண்ணில் புதிது வாங்கிப் போடுங்கள்.

போர் தண்ணீர்

இந்தக் கடலோரத்தில் எஞ்சினுக்கு மிகப் பெரிய கெடுதல் இதுதான். கடலை ஒட்டிய பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பேறியிருக்கிறது. குளியலறைக் குழாயில் வெள்ளை படிய வைக்கும் அதே தண்ணீர், சிலிண்டரைச் சுற்றியுள்ள சந்திலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். குழாயை நீங்கள் தேய்த்துக் கழுவலாம், எஞ்சின் உள்ளே கை போகாது. டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். இங்கே பனி உறையப் போவதில்லை என்பதால் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், இரண்டு பங்கு டிஸ்டில்ட் வாட்டர் போதும். துருவைத் தடுக்கும் மருந்து அந்த அளவிலேயே கிடைத்துவிடும். கூலன்டை அப்படியே ஊற்றினால் நன்றாகக் குளிரும் என்பதும் தவறான எண்ணம், வெப்பத்தை ஏந்துவதில் தண்ணீரே அதைவிட மேல். நிறத்தைப் பார்த்து இரண்டு வகைக் கூலன்டைக் கலக்காதீர்கள். சில வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும். வடித்த பழைய கூலன்டைத் தரையில் விடவும் வேண்டாம். அது இனிக்கும், தெருநாய் நக்கினால் செத்துப்போகும்.

ஏற்கனவே படிந்துவிட்டதா? 10 லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் சூட்டில் ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். பிறகு தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். ரேடியேட்டர் அடியில் உள்ள குழாயைத் திறந்தால் மட்டும் போதாது. எஞ்சின் பிளாக்கிலும் ஒரு வடிகால் போல்ட் உண்டு, அதைக் கழற்றினால்தான் அடியில் தங்கிய சேறு வரும். வராவிட்டால் கம்பியால் குத்திவிட வேண்டும். காஸ்டிக் சோடா கழற்றிய பித்தளை ரேடியேட்டருக்கு மட்டுமே. மகிந்திரா எம்எம் 540 ஜீப்பின் 2,112 சிசி பெஜோ டீசல் எஞ்சினுக்கு ஹெட் அலுமினியம். காஸ்டிக் அதை அரித்துவிடும்.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது ஊர் வந்து சேர மட்டும் உதவும் பழைய உத்தி. போட்டால் அடுத்த நாளே அலசி, ஓட்டைக்கு ஈயம் வையுங்கள். விட்டுவிட்டால் ஓட்டையோடு நல்ல குழாய்களும் அடைபடும்.

ரேடியேட்டரை வெளியிலிருந்து பார்த்து ஏமாறாதீர்கள்

ஒழுகவில்லை, உள்ளே அடைப்பும் இல்லை, ஆனாலும் குளிரவில்லை என்றால் மெல்லிய தகடுகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் செம்புத் தகடு பச்சையாகப் பூத்து, குழாயை விட்டுப் பிரிந்துவிடும். விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தால் பாயில் பண்ணியும் ராடு விட்டும் (குழாய்களுக்குள் கம்பி விட்டும்) பயனில்லை, குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதியான கோரையே மாற்ற வேண்டும். தகடு உறுதியாக இருந்து மண்ணும் புல்விதையும் மட்டும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக அடியுங்கள். வாட்டர் வாஷ் துப்பாக்கியை நேராக வைத்தால் தகடெல்லாம் மடிந்துவிடும். கிரில்லுக்கு முன் வரிசையாகப் பூட்டிய விளக்குகளும் பெயர்ப் பலகையும் காற்றைத்தான் மறிக்கின்றன.

ஃபேன் கூண்டு இடைஞ்சல் என்று கழற்றிப் போட்ட ஜீப்கள் ஏராளம். கூண்டு இல்லாத ஃபேன், தன்னைச் சுற்றியுள்ள சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். இறக்கையின் அகலத்தில் பாதி கூண்டுக்குள் இருக்க வேண்டும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 13 மில்லிமீட்டர் அமுங்கலாம். ஓரம் கண்ணாடிபோல் பளபளத்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று இருந்தால் பார் கணக்கு, 13 என்று இருந்தால் பிஎஸ்ஐ கணக்கு, அழுத்தம் ஏறத்தாழ ஒன்றுதான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடியில் 100லேயே கொதிக்கும். அதற்காக, 7 பிஎஸ்ஐ போட வேண்டிய பழைய பித்தளை ரேடியேட்டரில் 13ஐப் போட்டால் ஈயப் பற்று விட்டுவிடும்.

ஹெட்டைப் பிரிக்கும் முன்

ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் ஓட்டிப் பாருங்கள். பெல்ட் இல்லாததால் பம்ப் சுற்றாது. பம்ப் உறிஞ்சும் காற்றுக்கும் இங்கே இடமில்லை. அப்படியும் குமிழி விடாமல் வந்தால் கேஸ்கெட் போயிருக்கிறது அல்லது ஹெட்டில் விரிசல் விழுந்திருக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர்போல் வெளுத்திருந்தாலும் அதே சந்தேகம். பிரித்தால், ஹெட்டின் அடியை நேர்கோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்காமல் புதுக் கேஸ்கெட் போடாதீர்கள். வளைந்த ஹெட்டில் அதுவும் நிற்காது.

குமிழி கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் அது உள்ளே சிக்கிய காற்றாக இருக்கலாம். வடித்தது 10 லிட்டர், உள்ளே போனது 8 என்றால் அதுதான். மூக்கு மேட்டில் இருக்கும்படி வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஐடிலில் ஓடவிட்டு மெதுவாக நிரப்புங்கள்.

வழியில் முள் ஏறினால்

பெல்ட் சுற்றுகிறது, தண்ணீர் இருக்கிறது என்றால் உடனே அணைக்காமல், சுமை இல்லாமல் சற்று அதிக ஐடிலில் ஓரிரு நிமிடம் ஓட விடுங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ ஆவி கொட்டினாலோ அந்த நொடியே அணையுங்கள். மூடியில் கை வைக்க முக்கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். துணியைச் சுற்றித் திறப்பவர்களுக்கும் முகம் வெந்திருக்கிறது. கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித்தோப்பு மணலில் ஹை கியரில் முனகியபடி போவது இன்னொரு தவறு. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், சுமையோ முழுசாக இருக்கும். லோ கியரில் போடுங்கள், சுற்று ஏறும், சூடு இறங்கும். கடலோரத் தோப்புகளில் பிற்பகல் கடல்காற்று முதுகுப்பக்கமிருந்து வீசினால் ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காது. இடையில் நிறுத்தும்போது வண்டியின் முகத்தைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்துங்கள். வீடு திரும்பியதும் அன்றிரவே நல்ல தண்ணீரில் ரேடியேட்டர் தகடுகளைக் கழுவிவிடுங்கள், உப்பு விடியும்வரை காத்திருக்காது.