வசனத்தைக் கொடுக்காதீர்கள், சிக்கலைக் கொடுங்கள்: ஆங்கிலப் பேச்சு வகுப்பில் நாடகம் நடத்தும் முறை

பர்மாவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. முதல் வகுப்பிலிருந்தே அது பாடத்தில் இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு ஒப்பிக்கச் சொன்னால் ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளையை ஓட்டல் வரவேற்பறையில் நிறுத்தி, "ரூம் இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால் வாய் பூட்டிக்கொள்ளும். காரணம் எளிது. வகுப்பில் கேட்கப்படும் கேள்விகளுக்கெல்லாம் பதில் ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது. உண்மையாகவே ஒன்றைத் தெரிந்துகொள்ள அவர்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டதே இல்லை.

நாடகம் அதற்கு மருந்து. ஆனால் பத்து வரி வசனம் எழுதிக் கொடுத்து, "நீ டாக்டர், நீ நோயாளி" என்று நிறுத்தினால் அது நாடகம் ஆகாது; உட்கார்ந்து ஒப்பித்ததை எழுந்து நின்று ஒப்பிப்பதுதான். கீழே உள்ள முறையில் வசனமே கிடையாது. ஆளுக்கு ஒரு தேவை, எதிராளிக்குத் தெரியாத ஒரு செய்தி, அவ்வளவுதான். வார இறுதித் தமிழ்ப் பள்ளியிலோ டியூஷன் வகுப்பிலோ முதல்முறையாக இதைச் செய்து பார்ப்பவர்களுக்காக எழுதியது. 12 வயதுக்கு மேற்பட்ட 30 பிள்ளைகள், 45 நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறோம்.

முன்தயாரிப்பு

நான்கு ஏ4 தாள், ஒரு பேனா, ஒரு கைமணி, கரும்பலகை. மின்சாரம் வேண்டிய பொருள் எதையும் நம்பாதீர்கள். பாதி வகுப்பில் கரண்ட் போனால் பாடமும் போய்விடும். ஒரு தாளை எட்டாக மடித்துக் கிழித்தால் எட்டுச் சீட்டு. 15 ஜோடிக்கு 30 சீட்டு வேண்டும், இரண்டு மிஞ்சும்.

சீட்டு எழுதுவதில்தான் வகுப்பின் வெற்றி இருக்கிறது. ஒரு மாதிரி:

விருந்தாளி: இரண்டு இரவுக்கு, இரண்டு கட்டில் உள்ள அறை கேட்டுப் பதிவு செய்திருக்கிறாய். கூட வந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. நாளை மறுநாள் காலை 6 மணிக்குப் பஸ். அதற்கு முன் சாப்பிட்டாக வேண்டும்.

வரவேற்பாளர்: உன் நோட்டில் ஒரு கட்டில் என்றுதான் பதிவாகியிருக்கிறது. காலியாக இருப்பது மூன்றாம் மாடி அறை. கரண்ட் இல்லை, லிப்ட் ஓடாது. கீழ்த்தள அறை ஒன்று பிற்பகல் 2 மணிக்குக் காலியாகும். அதை அவர்கள் கேட்டால்தான் சொல்ல வேண்டும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் வரவேற்பாளர் முதல் வாக்கியத்திலேயே கீழ்த்தள அறையைக் கொடுத்துவிடுவார், அரை நிமிடத்தில் நாடகம் முடிந்துவிடும். "கேட்டால்தான் சொல்ல வேண்டும்" என்ற ஒரு வரி, எதிரில் நிற்பவரைக் கேள்வி கேட்க வைக்கிறது.

சீட்டை ஆங்கிலத்தில் எழுதக் கூடாது. எழுதினால் அதையே வாசித்துவிடுவார்கள். பிள்ளை எந்த மொழியை வேகமாகப் படிக்குமோ அதில் எழுதுங்கள். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழைவிடப் பர்மிய எழுத்து சரளம். தமிழ்ப் பள்ளியாயிற்றே என்று வருத்தப்பட வேண்டாம். இந்த முக்கால் மணிநேரம் ஆங்கிலத்துக்கு. ஒரு சீட்டில் நான்கு சிறு செய்திக்கு மேல் போனால் பாதியில் மறந்துபோய்ச் சீட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

முதல் 10 நிமிடம்: கையும் வாயும்

ஆசிரியர் முன் கைகட்டி நிற்பது பர்மியப் பள்ளிப் பழக்கம். மரியாதைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கைகட்டிக்கொண்டு ஓட்டலில் சண்டை போட முடியாது, குரலும் எழும்பாது. அதனால் எல்லாரையும் எழுப்பி, எதிரெதிரே இரண்டு வரிசையாக, ஒரு கை நீளம் தள்ளி நிறுத்துங்கள். பெஞ்சு தரையில் அடித்திருந்தால் நடைபாதையிலும் பின்சுவர் ஓரமாகவும் நிற்கட்டும். ஒரு வரிசை "ஐ ஹேவ் எ புக்கிங்" என்று சொல்லட்டும்: முதலில் பயந்தவனாக, பிறகு முதலாளியாக, பிறகு பத்து மணிநேரம் பஸ்ஸில் வந்து களைத்தவனாக. வாக்கியம் ஒன்றுதான், ஆள் மாறுகிறான். ஒன்றிரண்டு நிமிடத்தில் கைகள் தானாக அவிழும்.

அடுத்தது உச்சரிப்பு. இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு விசித்திரமான நிலை. இரண்டு மொழி வாய்க்குள் இருப்பதால் இரண்டின் பிழையும் வரும், இரண்டின் பலமும் வரும்.

பர்மிய மொழியில் அசையின் ஈற்றில் க், ட், ப் என்று எழுதினாலும் ஒலிக்கும்போது தொண்டையில் ஒரு அடைப்பு மட்டுமே. அந்தப் பழக்கத்தில் 'லைக்', 'லைட்', 'லைஃப்' மூன்றும் 'லை' என்று வெட்டுப்பட்டு ஒரே மாதிரி ஒலிக்கும். தமிழ்ப் பழக்கமோ நேர் எதிர்: ஈற்றை விழுங்காமல் உகரம் சேர்த்து 'லைட்டு', 'பஸ்ஸு' என்று நீட்டும். ஒரே வகுப்பில் ஒருவன் 'பஸ்'ஸின் வாலை வெட்டுவான், இன்னொருவன் வாலுக்கு வால் ஒட்டுவான்.

இதனால் இலக்கணப் பிழை போலத் தோன்றும் பல, உண்மையில் வாய்ப் பிழை. 'புக்ட்' என்று இறந்தகாலத்தில் சொல்லத் தெரிந்த பிள்ளைகூட, ஈற்று மெய்யை விழுங்குவதால் 'புக்' என்று சொன்னதாகக் கேட்கும். ஆசிரியர் உடனே இறந்தகால அட்டவணையை எடுத்து நடத்துவார். நோய் காலில், கட்டு கையில்.

ஈற்று மெய்யை அடுத்த சொல்லின் உயிரோடு சேர்க்கச் சொல்லுங்கள். 'பால்', 'ஆறு' சேர்ந்து 'பாலாறு' ஆவது தமிழ் படிக்கும் பிள்ளைக்குப் புதிதில்லை. அதுபோலவே 'புக்ட் எ ரூம்' என்பது 'புக்-டெ-ரூம்'. தனியாகச் சொல்ல வராத 'ட்', உயிரோடு சேர்ந்தால் வந்துவிடும், வெட்டும் போகும், உகரமும் போகும். ஐந்து முறை வரிசையாகச் சொன்னால் போதும்.

பலங்களையும் பயன்படுத்துங்கள். 'தேங்க்' என்பதன் முதல் ஒலி தமிழில் இல்லை. பர்மிய மொழியில் இருக்கிறது. கன்னத்தில் பூசும் தனக்காவைப் பர்மிய உச்சரிப்பில் சொல்லச் சொல்லி, அதே நாக்கோடு 'தேங்க் யூ' சொல்லச் சொல்லுங்கள். 'பேக்' என்று தமிழில் எழுதினால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா என்று கண்டுபிடிக்க முடியாது. பர்மிய எழுத்து சொல்லின் முதல் ஒலியையாவது பிரித்துக் காட்டும். ஆகவே ஆங்கில வாக்கியத்தின் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதிப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். (இந்தப் பதிவிலும் தமிழ் எழுத்தில்தான் இருக்கிறது, அது உங்களுக்காக, கரும்பலகைக்கு அல்ல.) 'எஃப்' ஒலிக்கு மட்டும் இரண்டு மொழியும் கைகொடுக்காது. மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், காட்டிக் கொடுங்கள்.

அடுத்த 5 நிமிடம்: ஆறு வாக்கியம்

கரும்பலகையில் ஆறு வாக்கியம் மட்டும் எழுதுங்கள்:

ஐ புக்ட் எ ரூம் ஃபார் டூ நைட்ஸ்.
ஐம் அஃப்ரெய்ட் வி ஒன்லி ஹேவ்…
இஸ் தேர் எனி அதர் ரூம்?
வுட் இட் பி பாஸிபிள் டு…?
இன் தட் கேஸ்…
சாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?

இவற்றில் பாதி முடிவுறாமல் நிற்பது வேண்டுமென்றே. முழு வாக்கியம் கொடுத்தால் மனப்பாடமாகிவிடும். தலை கொடுத்தால் உடலை அவர்களே தேட வேண்டும். கடைசி வாக்கியம்தான் ஆறிலும் முக்கியம். புரியாதபோது தலையாட்டித் தப்பிப்பதே பேச்சு வளராமல் போவதற்குப் பெரிய காரணம்.

அடுத்த 15 நிமிடம்: மூன்று சுற்று

முதலில் நீங்களே வரவேற்பாளராக நின்று, துணிந்த ஒரு பிள்ளையோடு ஒரு நிமிடம் செய்து காட்டுங்கள். ஆசிரியரே பாத்திரமாக இறங்கும் இந்த முறையை இங்கிலாந்தின் டொரதி ஹீத்கோட் பெரிதாக வளர்த்தார். சயாமா (ஆசிரியை) முகத்தைச் சுளித்துக்கொண்டு "நோ ரூம்!" என்று சொல்வதைப் பார்த்தாலே வகுப்பு இறுக்கம் தளரும்.

சுற்று 1: சீட்டு கையில், 3 நிமிடம். தடுமாறட்டும், குறுக்கிட வேண்டாம்.

சுற்று 2: ஒரு வரிசை ஓரிடம் நகர, எல்லாருக்கும் புது எதிராளி. சீட்டு சட்டைப் பையில். கரும்பலகையில் மூன்று வாக்கியத்தை அழித்துவிடுங்கள்.

சுற்று 3: வேடம் மாற்றுங்கள். ரகசியம் இப்போது எல்லாருக்கும் தெரியும் என்பதால், வரவேற்பாளர்கள் காதில் மட்டும் புதுச் சிக்கல் ஒன்றைச் சொல்லுங்கள்: "சமையல்காரர் 7 மணிக்குத்தான் வருவார்." 6 மணி பஸ் இப்போது பிரச்சினையாகும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் மணி அடித்தால் தொடக்கம், மணி அடித்தால் நிறுத்தம். 15 ஜோடி ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடை மாதிரிதான் இருக்கும். அது நல்ல சத்தம். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அடுத்த 8 நிமிடம்: நிறுத்தி, ஆள் மாற்றி

ஒரு ஜோடி முன்னால் வந்து நடிக்கட்டும். பார்ப்பவர்களில் யாருக்காவது "நான் வேறு மாதிரிக் கேட்டிருப்பேன்" என்று தோன்றினால் கைதட்ட வேண்டும். காட்சி உறைந்து நிற்கும். தட்டியவர் வந்து விருந்தாளியின் இடத்தில் நின்று தொடர்வார். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970-களில் மக்கள் பிரச்சினைகளைப் பேச வளர்த்த ஃபோரம் தியேட்டரின் உத்தி இது. மொழி வகுப்புக்கு அப்படியே பொருந்துகிறது. பார்வையாளன் தூங்க முடியாது.

யாரும் தட்டாவிட்டால் நீங்கள் கட்டியங்காரன் ஆகிவிடுங்கள். கூத்தில் அவன் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்பவன். நடுவில் புகுந்து, "ஐயா, அம்மா வெயிலில் நிற்கிறாரே, யாரும் கேட்கமாட்டீர்களா?" என்று தமிழிலோ பர்மிய மொழியிலோ சபையைக் கிண்டலாம். தாய்மொழி கட்டியங்காரனுக்கு மட்டும். பாத்திரங்களுக்கு ஆங்கிலம் மட்டும். எல்லைக்கோடு தெளிவாகிவிடுவதால், மொழி மாறுகிறார்கள் என்று அதட்ட வேண்டிய தேவையும் குறையும்.

மிஞ்சிய நேரத்தில் திருத்தம். சுற்றுகளின்போது குறித்து வைத்ததில் மூன்றே மூன்று எடுத்து, பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள். பொருள் புரியாமல் போன பிழைக்கு முதலிடம். 'எ', 'தி' விட்டுப்போனதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

எங்கே சறுக்கும்

பெரிய சறுக்கல் தாட்சண்யம். பர்மியர் 'ஆ-நா-டெ' என்று சொல்லும் அதே உணர்வு: அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. மூன்றாம் மாடி என்றதும் விருந்தாளி "ஓகே, நோ பிராப்ளம்" என்று சொல்லிவிடுவார், அம்மாவை யார் தூக்குவது? "தைரியமாகப் பேசு" என்பதால் பயனில்லை. தேவையை அடுத்தவர் பேரில் வையுங்கள். தனக்காகக் கேட்கக் கூசும் பிள்ளை, அம்மாவுக்காகவோ பாட்டிக்காகவோ வாதாடும். சீட்டில் முழங்கால் வலி அம்மாவுக்கு வந்தது அதனால்தான்.

இரண்டாவது, எதிர்மறைக் கேள்வி. "டோன்ட் யூ ஹேவ் எ ரூம்?" என்று கேட்டால், அறை இல்லாத வரவேற்பாளர் "யெஸ்" என்பார். தமிழில் "ஆமாம், இல்லை" என்பது சரி. பர்மிய மொழியிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அதற்கு அறை இருக்கிறது என்று பொருள். 'யெஸ்', 'நோ' என்று நிறுத்தாமல் "நோ, வி டோன்ட்" என்று வினைச்சொல்லையும் சேர்க்கப் பழக்குங்கள்.

மூன்றாவது, விளிப்பு. 'டீச்சர்!', 'அங்கிள்!' என்று அழைப்பது பர்மிய மொழியின் சயா, ஊலே என்பதன் நேர்மாற்றம். ஓட்டலில் 'எக்ஸ்கியூஸ் மீ' போதும். டீக்கடையில் உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் எழுப்பிப் பையனைக் கூப்பிடுவது இங்கே இயல்பு. அதை யாராவது வரவேற்பறைக் காட்சியில் செய்தால் சிரித்துவிட்டு, எந்த இடத்தில் எது செல்லும் என்று இரண்டு நிமிடம் பேசுங்கள். அதுவும் மொழிப்பாடம்தான்.

அன்யெய்ன் (ஆடல், பாடல், நகைச்சுவை கலந்த பர்மிய நிகழ்ச்சி) மேடைக் கோமாளி போல ஒருவன் கூத்தடித்து எல்லாரையும் சிரிக்க வைத்தால் தடுக்காதீர்கள். வரவேற்பாளர் வேடம் கொடுங்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டிய இடம் அது. வாயே திறக்காத பிள்ளைக்கு முதல் வாரம் சுமைதூக்குபவர் வேடம்: "விச் ரூம்?" என்ற ஒரு கேள்வி மட்டும். பத்து வயதுக்குக் கீழ் என்றால் காலுறைப் பொம்மை. பேசுவது பொம்மை என்பதால் தப்பும் பொம்மையுடையது.

அடுத்த வாரம் இதே சீட்டுகளோடு ஜோடிகளை முதுகோடு முதுகு ஒட்டி நிறுத்துங்கள். தொலைபேசி உரையாடல் ஆகிவிடும். முகமும் கையும் தெரியாதபோது ஈற்று மெய்யை விழுங்கியவர்கள் யார் என்று எதிராளியே காட்டிக்கொடுப்பார்: "சாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?"