வளைகுடாவிலிருந்து பெட்ரோல் புல்வெட்டி, செயின்சா ஊருக்கு அனுப்பும் முறை

தென்னந்தோப்பில் புல் வெட்டவும், கொல்லையில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை அறுக்கவும் கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்துச் சபுராளிகள் (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்கள்) துபாயிலும் தோஹாவிலும் மெஷின் வாங்குகிறார்கள். வாங்குவது எளிது. கார்கோக்காரர் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. டேங்கில் சொட்டுப் பெட்ரோல் இல்லை என்றாலும் வாடை இருந்தால் பெட்டி திரும்பி வரும். அதில் தப்பு சொல்ல முடியாது. தீப்பிடிப்பது பெட்ரோலின் ஆவிதான். பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே போனாலும் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். மூடிய கன்டெய்னருக்குள் வெயிலில் அது எவ்வளவு விடும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெட்ரோல் எஞ்சினுக்கு ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. பட்டியலில் யூஎன் 3528 என்று தனி எண் உண்டு. எரியும் திரவங்களுக்கான 3-ஆம் வகுப்பில் வரும். ஒருமுறைகூடப் பெட்ரோல் ஊற்றாத எஞ்சினும், முழுக்க வடித்து ஆவியும் போக்கிய எஞ்சினும் விமான விதியில் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராது. ஆனாலும் ஏற்றுவதும் மறுப்பதும் விமான நிறுவனத்தின் விருப்பம். மதுரைக்கோ திருச்சிக்கோ லக்கேஜில் கொண்டுவர நினைப்பவர்கள் டிக்கெட் போடும்போதே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். பயன்படுத்திய மெஷின் என்றால் அந்த ஆசையை விட்டுவிட்டுக் கடல் கார்கோவைப் பாருங்கள். கடையில் சீல் பிரிக்காமல் வாங்கியதையும் ஒருதடவை முகர்ந்து பார்க்க வேண்டும். கம்பெனியிலேயே ஓட்டிப் பார்த்து அனுப்பும் மெஷின்கள் உண்டு.

வடிக்கும் வேலையைக் கார்கோவில் கொடுக்கும் நாளுக்கு நான்கு நாள் முன்பே தொடங்குங்கள். தங்கும் அறைக்குள் கூடவே கூடாது. ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்துபோய் அடுத்த அறை அடுப்பில் பற்றும். திறந்தவெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, டேங்கைக் கவிழ்த்துப் பெட்ரோல் கேனில் ஊற்றுங்கள். 52 சிசி புல்வெட்டி டேங்க் சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். 58 சிசி செயின்சா அரை லிட்டருக்குச் சற்று மேல். கவிழ்த்ததோடு தீர்ந்தது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். டேங்குக்குள் குழாயின் நுனியில் கனமாக ஒரு ஃபில்டர் தொங்கும். கம்பியை வளைத்து அதை வாய்ப்பக்கம் இழுத்து, துணியில் ஒற்றி எடுங்கள். அடுத்து ப்ரைமர் பல்பை (கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் சிறு ரப்பர் குமிழை) பதினைந்து தடவை அமுக்குங்கள். கார்புரேட்டரில் நிற்பது டேங்குக்குத் திரும்பும். அதையும் ஊற்றிவிட்டு, மெஷினை ஸ்டார்ட் செய்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நின்றபின் சோக்கைப் போட்டு ஐந்தாறு தடவை கயிற்றை இழுத்தால், கார்புரேட்டருக்குள் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) அறையில் ஒட்டியிருக்கும் மிச்சமும் இழுபட்டுவிடும். தள்ளும் புல்வெட்டி, தண்ணீர் பம்ப் போன்றவற்றில் கார்புரேட்டருக்கு அடியில் கிண்ணம் இருக்கும். அதன் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தித்தான் காலி செய்ய முடியும்.

பிறகு டேங்க் மூடியைக் கழற்றி, மணல் விழாமல் மெல்லிய துணி கட்டி, நிழலில் இரண்டு நாள் வையுங்கள். வாடை ஒளிந்திருக்கும் இடங்கள் இரண்டு: மூடியின் ரப்பர் வளையம், ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச். கார்புரேட்டர் பின்னால் துப்பும் எண்ணெயும் பெட்ரோலும் அந்த ஸ்பாஞ்சில்தான் ஊறும். இரண்டையும் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். டேங்குக்குள் மட்டும் தண்ணீர் விடாதீர்கள். கார்புரேட்டருக்குள் ஈரம் தங்கினால் ஊர் வந்து சேர்வதற்குள் உள்ளே அரித்துப் பூத்துவிடும். அத்தர், சென்ட் அடித்து வாடையை மறைக்கும் வேலையும் வேண்டாம். ஸ்பிரிட் கலந்த சென்ட்டும் அதே 3-ஆம் வகுப்புச் சரக்குதான்.

வாடை போனதா என்று பார்க்க ஒரு வழி. மெஷினைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி ஓர் இரவு வையுங்கள். காலையில் பையைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். மூக்கில் ஏறினால் மூடியைத் திறந்து இன்னொரு நாள். திறந்த இடத்தில் முகர்ந்தால் எந்த மெஷினும் சுத்தமாகத்தான் தெரியும்.

கட்டுவதற்கு முன் பிளக்கைக் கழற்றி ஒரு டீஸ்பூன் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு தடவை இழுத்துப் பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். கடல் ஈரத்தில் சிலிண்டர் துருப்பிடிக்காது. பிளக் தொப்பியைக் கழற்றியே வையுங்கள். செயின்சாவில் சங்கிலி ஆயில் டேங்கையும் காலி செய்ய வேண்டும்; படுத்த வாக்கில் அது கசிந்து அட்டைப்பெட்டியை நனைக்கும், பார்ப்பவருக்குப் பெட்ரோல் என்றே தோன்றும். ஃபோர் ஸ்ட்ரோக் மெஷினில் எஞ்சின் ஆயிலை வடித்தால் (ஹோண்டா ஜிஎக்ஸ் 35-இல் 100 மில்லி), ‘ஆயில் இல்லை’ என்று எழுதிக் கயிற்றுப் பிடியிலேயே கட்டிவிடுங்கள். ஊரில் பிரிப்பவர் தெரியாமல் இழுத்து ஓட்டினால் எஞ்சின் ஜாமாகிவிடும்.

புல்வெட்டியின் நீளக் குழாயை எஞ்சினோடு அனுப்பாதீர்கள். விமானக் கார்கோவில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்த எடையும் கணக்கில் வரும். 160க்கு 30க்கு 30 பெட்டி என்றால் உள்ளே 8 கிலோ மெஷின்தான் இருந்தாலும் 24 கிலோவுக்குக் காசு. எஞ்சினைக் கழற்றி 40க்கு 35க்கு 35 பெட்டியில் வைத்தால் 8 கிலோ சொச்சம்தான். குழாயை மெல்லிய பெட்டியில் தனியாகக் கட்டலாம். உடைவது பெரும்பாலும் ஸ்டார்ட்டர் மூடியும் டேங்கின் அடிக்காலும். அந்த இரண்டு பக்கமும் தடித்த ஸ்பாஞ்ச் வையுங்கள். மரப்பெட்டி என்றால் பூச்சி பரவாமல் பலகையைப் பதப்படுத்தியதற்கான (பெரும்பாலும் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியதற்கான) ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச முத்திரை அதில் இருக்க வேண்டும். கார்புரேட்டர் கிளீனர், துரு நீக்கும் ஸ்ப்ரே டப்பா எதையும் பெட்டிக்குள் போடாதீர்கள். அதற்குப் பதில் டயாஃப்ரம் கிட், இரண்டு ஃபில்டர், ஒரு பிளக் போட்டு அனுப்புங்கள். அந்த மாடலுக்கு ராமநாதபுரத்தில் கிடைக்காமல் போகலாம்.

கடை பில், பாஸ்போர்ட் நகல், சாமான் பட்டியல் மூன்றும் வேண்டும். பட்டியலில் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், சிசி, வடித்த தேதி எல்லாம் எழுதுங்கள். செயின்சாவுக்குச் சுங்க வகை எண் 8467 81, தள்ளும் புல்வெட்டிக்கு 8433 11. ‘கிஃப்ட்’ என்று எழுதினால் வரி இல்லை என்ற பேச்சை நம்ப வேண்டாம். அந்தச் சலுகை 2019 டிசம்பரோடு போய்விட்டது. போர்வைக்குள் சுருட்டி ஒளித்து அனுப்பினால் தூத்துக்குடியில் உங்கள் பெட்டியோடு மற்றவர் பெட்டிகளும் சேர்ந்து நிற்கும். நோன்புப் பெருநாளுக்கு வரவேண்டிய இன்னொருவர் வீட்டுச் சாமானும் அதில் இருக்கலாம்.

ஊர் வந்ததும் சீரியல் நம்பரைச் சரிபார்த்து, பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் கயிற்றை ஒருதடவை இழுத்துப் பாருங்கள். பெட்ரோல் குழாயில் வெடிப்பு உண்டா என்றும் பாருங்கள். பெட்ரோலும் ஆயிலும் 50:1 விகிதத்தில் கலக்கும் மெஷினுக்கு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. இங்கே பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். கைமெஷின்கள் பலவற்றின் புத்தகம் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் டேங்கை வடித்து, நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் இதழ்களில் படியும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, மெஷினைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.